ஆளுக்குப் பாதி

அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. நீங்க ஆசுபத்திரி ஆளு இல்லேல்லா?

இல்ல, கையில பையும் சட்டையில பேனாவுமா, ஒரு வார்த்த பேசாம உக்காந்திருக்கீயளா, அதான் கேட்டேன். இப்பம்லாம் யாரு யாருக்கு ஆளுன்னே தெரிய மாட்டேங்கு. ஓ, நீங்களும் கடை தெறக்கட்டும்னுதான் இருக்கீயளா? அப்பம் நம்ம ஆளுதான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

நான் கடைக்கு வரல. அத மொதல்லயே சொல்லிப்புடுதேன். பஸ்ஸுக்கு நிக்கேன். பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதுத்தாப்புல பிராந்திக் கடைய வச்சா அது யாரு குத்தம்? நான் பெரியாசுபத்திரிக்குப் போவணும். பன்னெண்டு மணியோட சீட்டு குடுக்கத நிப்பாட்டிருவான். இங்கன கடையும் பன்னெண்டுக்குத்தான் தெறப்பான். இப்பம் மணி என்ன, பதினொண்ணே காலா? நேரம் கெடக்கு. பஸ்ஸு ஏறினா இருவது நிமிசம்.

எம்பேரு ஆறுமுகநயினாரு. பள்ளிக்கூட வேன் ஓட்டுனேன். ஓட்டுதேன்னே வச்சுக்கிடுங்க. இன்னைக்கு அந்த டாக்டரம்மா ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட்டா நாளைக்குக் காலையில சாவி எங்கையில. போடலைன்னா வேற டிரைவர நெரந்தரமாப் போட்டுருவேன்னு பள்ளிக்கூடத்து ஓனரு சொல்லிட்டாரு. பதினோரு வருசம் அண்ணாச்சி! ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் கெடையாது. நாய் குறுக்க வந்தாக்கூட அது போற வரைக்கும் நின்னுட்டுத்தான் போவேன். அப்பேர்ப்பட்டவன எவனோ கோள் சொல்லிக் கவுத்திட்டான். எவன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்.

நடந்தது என்னன்னா, ஆவணி மாசம் ஒரு திங்கக்கெழம. எம் மவளையும் ஏத்திக்கிட்டுத்தான் கெளம்பினேன். கனிஷ்கா, ஒம்பதாப்பு படிக்கா. எஞ்சீட்டுக்கு நேர் பின்னால மொத சீட்டு, அவ சீட்டு அது. மூணு ஸ்டாப்புல பிள்ளையள் ஏறியாச்சு. நாலாவது ஸ்டாப்புல வண்டி ஆஃப் ஆயிட்டு. மறுபடி ஸ்டார்ட் பண்ணலாம்னா, சாவி ஓட்டைக்குள்ள போவ மாட்டேங்கு. இங்கிட்டு ஒரசுது, அங்கிட்டு ஒரசுது. கை கெடந்து ஆடுது. சட்டையெல்லாம் வேர்வ. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் அண்ணாச்சி, மனுசனுக்குக் காய்ச்சல் வராதா? வேன்ல ஆயா ஒருத்தி வருவா, ஞானசெல்வம்னு பேரு. அவ என்னைய ஒரு பார்வ பாத்தா பாருங்க. பாத்துட்டு பைய கீழ எறங்கிப் போயி பள்ளிக்கூடத்துக்கு போனப் போட்டுட்டா. வேற ஆளு வந்து வண்டிய எடுத்துட்டுப் போனான். இருவத்திரெண்டு பிள்ளையளும் சன்னல் வழியா என்னையப் பாத்துக்கிட்டே போவுது. எம் மவ மட்டும் பாக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டா. அவளுக்கு அம்புட்டு வருத்தம்.

மறுநா ஓனரு கூப்பிட்டு, "நயினாரு, பெரியாசுபத்திரியில காமிச்சு எழுதி வாங்கிட்டு வா, அதுக்கப்புறம் வண்டியத் தொடு" அப்படின்னாரு. காய்ச்சல்னு எழுதிக் குடுப்பாவ, அம்புட்டுத்தானன்னு போனா, பதினாலாம் நம்பர் ரூமுக்கு அனுப்பிட்டான். போர்டுல என்ன எழுதியிருக்குங்கீய? மனநலம்! எனக்குக் கைதான ஆடுது, மண்டையா ஆடுது?

இந்தா, ஒரு பஸ்ஸு வருது. ஏய்யா, படியில தொங்கிக்கிட்டு வாரான். வேண்டாம், சட்ட கசங்கிரும். எம் மவ தேச்சுக் குடுத்த சட்ட. அடுத்தது வரும்.

உள்ள போனா ஒரு டாக்டரம்மா. வாசுகின்னு பேரு. சின்ன வயசு. "வாங்கண்ணே, உக்காருங்க"ன்னாவ. அப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. கெவுருமெண்டு ஆசுபத்திரியில உக்காருன்னு சொல்லுதாவன்னா என்னமோ இருக்கு. நானும் நாப்பத்தஞ்சு வருசமாப் பாக்கேன், டாக்டருன்னா திட்டணும். திட்டாத டாக்டர நம்பப்படாது.

"குடிப்பீங்களாண்ணே?"ன்னு கேட்டாவ. எடுத்த எடுப்புல! அப்பம் ஏற்கனவே யாரோ போயிச் சொல்லியிருக்கான்லா? நான் ஒண்ணும் ஒளிக்கல. "எப்பவாது"ன்னேன். "எவ்வளவு?"ன்னாவ. "கட்டிங்தான்"னு சொன்னேன். அந்தம்மாவுக்குப் புரியல, மேற்க எங்கயோ ஊராம். நான்தான் வெளக்குனேன். ஒரு குவார்ட்டர ரெண்டு பேரு சேந்து வாங்கி ஆளுக்குப் பாதி ஊத்திக்கிடுவோம், அதுக்குப் பேரு கட்டிங்கு. "கடையில போயி ஒரு முழு குவார்ட்டர நான் ஒத்தையா வாங்குனதே கெடையாது டாக்டரம்மா, எங்காத்தா மேல சத்தியம்"னேன். நெசமும் அதான். உங்களுக்குத் தெரியாததா? முழுசா வாங்குதவன்தான் குடிகாரன். பாதி வாங்குதவன் என்ன குடிகாரன்?

இதுக்கு மேல என்ன கேக்கப் போறாவன்னு நெஞ்ச நிமித்தி உக்காந்திருக்கேன். அப்பத்தான் அந்தம்மா வலைய விரிச்சாவ. "சரிண்ணே, போன வெள்ளிக்கிழம மொதக் கட்டிங் யாரு கூட?"

யாரு கூடவாம்! எம்புட்டுன்னு கேட்டா சரி, உடம்புக்குன்னு வச்சுக்கிடலாம். யாரு கூடன்னு எதுக்கு அண்ணாச்சி? இது போலீசு கேக்குத கேள்வி. கூட்டாளியளக் காட்டிக் குடுக்கச் சொல்லுதாவ. நானா குடுப்பேன்? எம் பொண்டாட்டி ஆவுடை ஊருல அவ சொந்தக்காரனுவ இருக்கானுவள்லா, அவனுவ பேரா எடுத்து விட்டேன். பன்னெண்டு மணிக்கு மாசானமுத்து. ரெண்டு மணிக்கு ஐயாக்குட்டி. சாயந்தரம் பிள்ளையள எறக்கி விட்டுட்டு வந்து ஆறு மணிக்குப் புதியவன். ஏழரைக்குச் சொடலமாடன். ஒம்பதுக்குக் கொம்பையா. கடை அடைக்க முன்ன ஒரு ஆளு, பேரு கெடைக்கல, எம் மச்சினன் பேரையே சொல்லிட்டேன். பேரு அம்புட்டும் பொய்யி. அவனுவள்ல பாதிப் பேரு வெத்தல பாக்குகூடப் போட மாட்டான். எப்படி ஏமாத்திட்டேன் பாத்தீயளா?

அந்தம்மா ஒரு பேரையும் எழுதல அண்ணாச்சி. வெறும் கோடு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆறு கோடு போட்டாவ. "ஆறு பாதின்னா மூணு முழுசு. ஒரு நாளைக்கு மூணு குவார்ட்டர்ண்ணே"ன்னாவ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. அது எப்படி? ஆறு பேரு கூடக் குடிச்சதக் கூட்டி ஒருத்தன் தலையிலயா கெட்டுவாவ? மாசானமுத்துகூடக் குடிச்சது அவங்கூடப் போச்சு. கொம்பையாகூடக் குடிச்சது தனி. நீங்களே சொல்லுங்க, நாயமா இது?

ஏன் சிரிக்கீய? சரி, கேளுங்க.

அதுலருந்து நான் எதச் சொன்னாலும் எழுதுனாவ. "எம்புட்டு உள்ள போனாலும் நான் நிதானம் தப்புனதில்ல, மொதல்ல ஒரு கட்டிங்குக்கே தல சுத்தும், இப்பம் ஒண்ணும் தெரியாது"ன்னேன். நல்ல விசயந்தான? அதையும் எழுதிக்கிட்டாவ. "நிறுத்திப் பாத்தீங்களாண்ணே?"ன்னாவ. வருசா வருசம் ஐயப்பனுக்கு மாலை போடுதேன்னு சொன்னேன். "நாப்பத்தெட்டு நாளும் இருந்தீங்களா?" இருக்க விடணும்லா! மொத வருசம் மூணாம் நாளு ஆவுடையோட சித்தி செத்துப் போனா, தீட்டு, மாலையக் கழத்திட்டேன். அடுத்த வருசம் ரெண்டாம் நாளு, எங்கப்பா வழியில ஒரு தாத்தா. போன வருசம், மால போட்ட அன்னைக்கே ராசபாளையத்துல ஒரு துட்டி. யாரு என்ன மொறையின்னு எனக்கே சரியாத் தெரியாது, ஆனா தீட்டு தீட்டுதான. "அந்த ரெண்டு மூணு நாளும் உடம்பு எப்படி இருந்துச்சு?"ன்னாவ. வேர்வ, ஒறக்கமில்ல, வயித்தப் பொரட்டல், கை நடுக்கம், எப்பம்டா எப்பம்டான்னு இருக்கும்னேன். அத ரெண்டு தடவ அடிக்கோடு போட்டாவ. "வீட்டுல யாராவது கொறச்சுக்கோங்கன்னு சொன்னாங்களா?" சொல்லாத பொண்டாட்டி எந்த ஊருல இருக்கா? "சொன்னா கோவம் வருமா?" வராமப் பின்ன! "அப்புறம் சங்கடமா இருக்குமா?" இருக்கும். ஒருநா தட்ட வீசிட்டேன், சோத்தோட. எம் மவ குனிஞ்சு பெருக்குனா. அத ஏன் அந்தம்மாட்ட சொன்னேன்னு தெரியல. வாய் தவறி வந்துட்டு. பேசப் பேச எப்படியோ வாயப் பிடுங்குதாவ.

அப்புறம் கைய நீட்டச் சொன்னாவ. வெரல் மேல ஒரு காயிதத்த வச்சாவ. காயிதம் படபடன்னு அடிக்கி. ஃபேன் காத்துன்னு சொன்னேன். ஃபேன ஆஃப் பண்ணுனாவ. அப்பயும் அடிக்கி. ஃபேன் நின்ன ஒடனேயே காத்து நின்னுருமா அண்ணாச்சி, கொஞ்ச நேரம் இருக்கத்தான செய்யும்? ரத்தம் எடுத்தானுவ. ஈரல் கெட ஆரம்பிச்சிருக்குன்னு அது சொல்லுதாம். எத்தன பேரு ரத்தம் வரிசையா வச்சிருக்கானுவ, சீசா மாறியிருக்கும்.

கடைசியாத்தான் அந்தக் கேள்வி. "காலையில எந்திரிச்சதும் குடிப்பீங்களாண்ணே?"

நான் "சீ"ன்னுட்டேன். காலையில குடிக்கது குடிகாரப் பய வேல. நான் குடிக்க மாட்டேன். ராத்திரி கடைசிக் கட்டிங்ல கொஞ்சம் மிச்சம் வச்சு, பிளாஸ்டிக் தண்ணிப் பாட்டில்ல ஊத்தி, தண்ணியக் கலந்து சீட்டுக்கு அடியில வச்சிருப்பேன். காலையில வண்டிய எடுக்க முன்ன ரெண்டு மடக்கு. அது குடி இல்ல, மருந்து. அது உள்ள போனாத்தான் கை நிக்கும். இருவத்திரெண்டு பிள்ளையள் உக்காந்திருக்கு, கைய ஆட்டிக்கிட்டு ஓட்டலாமா? பிள்ளையள் பத்திரமாப் போயிச் சேரணும்னுதான குடிச்சேன்! அப்படியேதான் டாக்டரம்மாட்டயும் சொன்னேன். அதுவரைக்கும் எழுதிக்கிட்டே இருந்தவுக, பேனாவக் கீழ வச்சுட்டாவ.

பெறவு மெதுவாச் சொல்லுதாவ: "அண்ணே, குடி உடம்பக் கெடுக்குறது ஒரு நெலம. குடி இல்லாம உடம்பே ஓடாதுங்கறது அடுத்த நெலம. நீங்க ரெண்டாவதுல இருக்கீங்க. இது உங்க குணக்கேடு இல்ல, வியாதி. திடீர்னு நிறுத்துனா ஆபத்து, உள்ள படுங்க, மருந்து குடுத்து நிறுத்துவோம்." குணக்கேடு இல்லையாம். எப்படி நைசாப் பேசுதாவ பாத்தீயளா!

பத்து நாளு படுத்துக் கெடந்தேன். மூணாம் நாளு மெத்த பூரா எறும்பு அண்ணாச்சி, கட்டெறும்பு. தட்டித் தட்டி விடுதேன், போவ மாட்டேங்கு. ஆவுடை பக்கத்துல நின்னுக்கிட்டு, எறும்பே இல்லைங்கா. அவளும் ஆசுபத்திரிக்காரவுகளும் கூட்டு. ஊசி போட்டாவ, மாத்திர குடுத்தாவ, எறும்பும் போயிட்டு. வீட்டுக்கு வந்தேன். "ஒரு மாசம் இப்படியே இருந்துட்டு வாங்க, திரும்பப் பாத்துட்டு வண்டி ஓட்டலாமான்னு எழுதித் தாரேன்"னு சொல்லி அனுப்புனாவ. அந்த ஒரு மாசம் இன்னைக்கு முடியுது.

அந்தா, அடுத்த பஸ்ஸு. அந்தக் கண்டக்டருக்கும் எனக்கும் ஆவாது. போட்டும். பதினொண்ணே முக்காலுக்கு ஒண்ணு உண்டு.

எதுல விட்டேன்? ஆங், கோள் சொன்னவன். மொதல்ல ஞானசெல்வம்னுதான் நெனைச்சேன். அப்புறம் ஆவுடை மேல சந்தேகம். ரெண்டு பேரையும் கேட்டுட்டேன், சாமி மேல சத்தியம் பண்ணுதாளுவ. ஆனா ஒண்ணு அண்ணாச்சி, இத யாருட்டயும் நான் சொல்லல. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்னு சொன்னேன்லா? காய்ச்சல் இல்ல. அன்னைக்குக் காலையில சீட்டுக்கு அடியில கைய விட்டுப் பாட்டில எடுத்து ரெண்டு மடக்கு குடிச்சேன் பாருங்க, வெறுந்தண்ணி! சரக்கு இல்ல. எவனோ கீழ கொட்டிட்டு, கழுவி, நல்ல தண்ணி ரொப்பி வச்சிருக்கான். சோப்பு வாடகூட அடிச்சிது. அதான் கை ஆடிட்டு. எவனோ திட்டம் போட்டுச் செஞ்சிருக்கான்.

ராத்திரி வேன் எங்க வீட்டு வாசல்லதான் நிக்கும். சாவி ஆணியில தொங்கும். வெளியாளு யாரும் வர முடியாது. ஆவுடைக்கு வேன் கதவத் தொறக்கவே தெரியாது. வீட்டுல பாட்டிலு கழுவுத வேல ஆரு வேலன்னா...

சவம், அத விடுங்க.

கேக்கலாம்னு எத்தனையோ தடவ வாயெடுத்தேன். கேக்கல. கேட்டா ஆமான்னு சொல்லிருவா. அந்தப் பிள்ளைக்குப் பொய்யி சொல்ல வராது, அதான் அண்ணாச்சி பயம்.

இருவத்தாறு நாளு தொடாம இருந்தேன் தெரியுமா? நெசமாத்தான். ஒரு காலண்டர்ல எம் மவ தெனம் ஒரு டிக்கு போட்டுக்கிட்டு வந்தா. அஞ்சு நாளைக்கு முன்ன, காலையில முக்குல நிக்கேன், எங்க வேன் வருது. புதுப் பய ஓட்டுதான். ஹாரன வேற அடிச்சுக்கிட்டுப் போறான், எங்கிட்ட! மொத சீட்டுல எம் மவ. அவன் வண்டியில அவ பயப்படாம, சன்னல்ல சாஞ்சு ஒறங்கிக்கிட்டுப் போறா. எங்கூட வந்த காலத்துல ஒருநாகூட அவ ஒறங்குனதில்ல அண்ணாச்சி. கண்ண முழிச்சு என் கையவே பாத்துக்கிட்டுத்தான் வருவா. நான் என்ன நெனைச்சிருந்தேன், அப்பன் ஓட்டுத அழகப் பாக்கான்னு.

அன்னைக்கு ஒரே ஒரு கட்டிங்கு. மறுநா ரெண்டு. அம்புட்டுத்தான். வீட்டுல யாருக்கும் தெரியாது. அவ இன்னும் டிக்கு போட்டுக்கிட்டுத்தான் இருக்கா. இன்னைக்குக் காலையில முழுக்கைச் சட்டைக்கு பட்டன் போட முடியல எனக்கு. அவதான் வந்து போட்டு விட்டா. எங்கையப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னா. "அப்பா, நான் லீவு போட்டுட்டு கூட வரட்டா?"ன்னா. "பரீச்ச இருக்குலா, போ"ன்னு அனுப்பிட்டேன்.

இந்தா பாருங்க கைய. ஆடுதா? நல்லாப் பாருங்க. இந்தக் கையத்தான் இப்பம் அந்தம்மா முன்னால நீட்டணும். காயிதத்த வைப்பாவ. படபடன்னு அடிச்சா முடிஞ்சிது, வேன் போச்சு, சாவி போச்சு. எம் மவ முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?

இந்தா, மூணாவது பஸ்ஸு. காலியாத்தான் வருது. கண்டக்டரு என்னையப் பாக்கான். போய்யா, போ, நான் வரல!

இல்ல அண்ணாச்சி, யோசிச்சுப் பாருங்க. ஒரு கட்டிங்கு உள்ள போனா கை நின்னுரும். நின்ன கையோட போயி நீட்டுனா கையெழுத்து விழுந்துரும். வாங்குன பெறகு நான் ஏன் தொடப் போறேன்? பிள்ளைக்காண்டித்தான. ஒரு வெத்தலயப் போட்டுட்டு ஆட்டோவுல போயிருவேன். சீட்டு குடுக்கவன் நமக்குத் தெரிஞ்ச பயதான், கைய கால பிடிச்சா குடுப்பான்.

ஷட்டர் சத்தம் கேக்கா? தெறந்துட்டான். எந்திரிங்க, கூட்டம் ஏறுததுக்கு முன்ன போயிருவோம். முழுசு எனக்கு வேண்டாம், நான் அப்பேர்ப்பட்ட ஆளு இல்ல. ஆளுக்குப் பாதி. உங்க பேரச் சொல்லாதீய, தெரியாம இருக்கதுதான் உங்களுக்கும் நல்லது. டாக்டரம்மா கேட்டா நானே ஒரு பேரு வச்சுக்கிடுதேன்.

தண்ணி வாங்க வேண்டாம் அண்ணாச்சி. எம் பையில பாட்டிலு இருக்கு, காலையில பிள்ள ரொப்பிக் குடுத்தது. நல்லாக் கழுவித்தான் ரொப்பியிருப்பா.